ப்ளோயரை இப்பப் போடாதீங்க

இல்லண்ணே, அந்த ப்ளோயரை மட்டும் இப்பப் போடாதீங்க. கம்ப்ரஸர் செத்துப்போச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் வெறும் காத்தை ஊதவிட்டு என்ன ஆகப்போகுது? அது ஓட ஆரம்பிச்சா ஓன்னு ஒரே இரைச்சல், நான் பேசறது எனக்கே கேக்காது. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கட்டும். மாடிக்கு ஏறி இறங்கி சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு பாருங்க, டீ போட்டுட்டேன், உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். ஏசி காத்து வர்ற இந்தக் கிரில்லுக்கு நேர் கீழ, ஆமா, இங்க.

பத்தொம்பது வருஷம்ணே இந்த மெஷினுக்கு. நான் கல்யாணமாகி வந்த மறுவருஷம் வாங்கினது. இந்தத் தெருவுலயே வீடு முழுக்க ஏசி போட்டது எங்க மாமனார்தான் முதல்ல. போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அடுத்தவங்க கடுதாசி மேல கை வச்சே முப்பது வருஷம் ஓட்டினவரு.

காத்து போற இந்த டக்டைப் பத்தியா? நீங்க கேப்பீங்கன்னு தெரியும். வர்ற ஏசிக்காரங்க எல்லாரும் இதைப் பாத்துட்டு, எந்த முட்டாள் இப்படிப் போட்டான்னுதான் ஆரம்பிப்பாங்க. போட்டவன் முட்டாள் இல்லண்ணே. பெரியவர் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து போடவச்சாரு. மத்த ரூமுக்கெல்லாம் தனித்தனிப் பாதை, சமையலறைக்கும் அவர் ரூமுக்கும் மட்டும் ஒரே பாதை, நடுவுல தடுப்பும் கிடையாது. எண்ணெய் வாசனை பூரா உங்க ரூமுக்கு வரும் சார்னு அந்த ஏசிக்காரர் தலையால தண்ணி குடிச்சுப் பாத்தாரு. வந்தா வரட்டும், கீழ என்ன வேகுதுன்னு எனக்குத் தெரியணும்ல, அப்படின்னாரு. நாங்களும் கெக்கெக்கேன்னு சிரிச்சோம்.

குளிரைக் கூட்டிக் குறைக்கற டப்பா இருக்கே, தெர்மோஸ்டாட், அதையும் அவர் ரூம் சுவத்துலதான் வைக்கச் சொன்னாரு. ஒரு வேடிக்கை கேளுங்க. இங்க ஃபோன் மணி அடிச்சாப் போதும், மேல டிக்குன்னு ஒரு சத்தம், ஏசி நின்னுடும். நான் இந்த அடுப்புப் பக்கத்துல நின்னு, ரிசீவரைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசி முடிப்பேன். வச்ச அடுத்த நிமிஷம் திரும்ப ஓடும். கஞ்சம்னு நினைச்சேன். மருமக அரட்டை அடிக்கறா, வேர்த்தா சீக்கிரம் வச்சுடுவான்னு செய்யறாருன்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, அப்பா காரணமில்லாம எதுவும் செய்யமாட்டாரும்பாரு. அது மட்டும் உண்மைண்ணே, காரணம் இருந்துச்சு.

சர்க்கரை போதுமா?

மேல போனப்ப உங்களைப் பாத்து விரலை நீட்டினாரா? இடது கை விரல். வலது பக்கம் பூரா விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு, பேச்சும் போச்சு. கிரில்லைக் காட்டிக் காட்டி, கையை மூடி மூடித் திறந்தாரா? காத்து வரலைன்னு கேக்கறாரு பாவம்னுதானே நினைச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. அவர் பெத்த பிள்ளையே அப்படி நினைச்சு ரெண்டு தடவை ஃபில்டரை மாத்திப் போட்டாரு. மாத்த மாத்தப் பெரியவர் கண்ணுல தண்ணியா ஊத்துது. சந்தோஷத்துல அழறாருன்னு இவரு எங்கிட்ட வந்து சொல்றாரு. நானும் ஆமாங்கன்னு தலையாட்டினேன்.

காதெல்லாம் நல்லாக் கேக்கும்ணே. பாம்புச் செவி.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவ இஷ்டத்துக்கு ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. அதோட பெரியவர் உத்தரவு போட்டுட்டாரு, அந்த வீட்டு வாசலை நம்ம வீட்டு ஆளு யாரும் மிதிக்கக் கூடாதுன்னு. எங்கம்மா அந்த வீட்டுலதான் இருந்தாங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னால அம்மாவுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை தங்கச்சி ஃபோன் பண்ணினா. கண்ணைத் திறந்தா உன் பேரைத்தான் சொல்றாங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போன்னா. நான் இங்கதான், நீங்க உக்காந்திருக்கற இடத்துல நின்னுக்கிட்டு, வியாழக்கிழமை வரேன்டின்னேன். வீட்டுல என்ன சொல்லிட்டு வருவ அக்கான்னு கேட்டா. பல்வலின்னு சொல்லிட்டு, பல் டாக்டர்கிட்ட போற மாதிரி கிளம்பி, நேரா பஸ் ஏறிடுவேன்னேன். ரெண்டு பேருமே சிரிச்சோம். அம்மா அந்த நிலைமையில கிடக்கறப்ப சிரிச்சோம் பாருங்க.

பல்வலின்னு யார்கிட்டயும் முன்கூட்டிச் சொல்லல. வியாழக்கிழமை காலையில சொல்லிக்கலாம்னு இருந்தேன். விடிஞ்சு காபி கொண்டு போறேன், பெரியவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டில்ல சுருண்டு கிடக்கறாரு. ஐயோ மாமான்னு ஓடினா, கையை ஆட்டி, நீ பல் டாக்டர்கிட்ட போகணும்னா போம்மா, நான் பாட்டுக்கு இப்படியே கிடந்துக்கறேன்னாரு.

கவனிச்சீங்களா? நீங்க கவனிச்சுட்டீங்க. நான் கவனிக்கலயே. அந்தப் பதட்டத்துல அது மண்டையில ஏறவே இல்ல. டாக்டர் வந்து பாத்தாரு, ஒண்ணுமில்ல, வாயுன்னாரு. ஆனாலும் ராத்திரி வரைக்கும் என் கையை விடலயே மனுஷன். மறுநாளும் விடல. தண்ணி குடும்மா, முதுகைத் தடவும்மா, இங்கயே உக்காரும்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா போயிட்டாங்க. எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் போனேன். திரும்பி வந்தா பெரியவர் தட்டுல சாப்பாடு போடச் சொல்லி உக்காந்திருக்காரு, நெஞ்சுவலியைக் காணோம்.

அப்பவும் எனக்குத் தெரியாதுண்ணே, சத்தியமா. தற்செயல்னுதான் நினைச்சேன். அவர் விழுந்து ஒரு மாசம் இருக்கும், மேல அவருக்குப் படுக்கை விரிப்பு மாத்திக்கிட்டு இருக்கேன், கரெண்ட் போயிடுச்சு. ஏசி நின்னு வீடே கப்சிப்னு ஆச்சு. திடீர்னு கிரில் வழியா காதோரம் ஒரு பேச்சுக் குரல். கீழ சமையலுக்கு வர்ற அக்கா, அவங்க மருமகளைப் பத்திக் காய்கறிக்காரர்கிட்ட புலம்பறாங்க. ஒரு எழுத்து விடாமக் கேக்குது. அவங்க பாத்திரத்தை மூடற சத்தம் கூடக் கேக்குது. கையில விரிப்போட அப்படியே நின்னுட்டேன். முதல்ல அந்த டிக் சத்தம் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் பல் டாக்டர். திரும்பி அவரைப் பாத்தேன். அவரும் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்கும் தெரிஞ்சுபோச்சு.

அடிக்கறதா? சேச்சே. விரல் நுனி படாது. மூணு வேளை சாப்பாடு, வேளாவேளைக்கு மாத்திரை, முதுகுல ஒரு புண்ணு கிடையாது, நீங்களே பாத்தீங்களே. தெருவுல போய்க் கேளுங்க, மருமகள்னா இப்படி இருக்கணும்னு சொல்லுவாங்க. நான் செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். தினம் சாயங்காலம் மேல போவேன். அவர் கண்ணைப் பாத்துக்கிட்டே ஏசியை நிறுத்துவேன். டிக். கீழ வந்து இந்த இடத்துல உக்காந்து என் தங்கச்சிக்கு ஃபோன் போடுவேன். அன்னைக்கு அவர் துணியை எத்தனை தடவை மாத்தினேன், கஞ்சி எப்படி வாயோரம் வழிஞ்சுது, அவர் பிள்ளை மாடிப்படி ஏறாம இருக்கறதுக்கு என்ன சாக்குச் சொல்றாரு, எல்லாம் சொல்லுவேன். அவளும் சளைக்காமக் கேப்பா. கேக்கறதுக்கு ஆசைப்பட்டவரு, கேக்கட்டுமே. போர்வையை இழுத்துக் காதை மூடிப் பாத்தாரு, ஒரு கையால எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? அதான் கிரில்லை அடைக்கச் சொல்லி வர்றவங்ககிட்டயெல்லாம் கையை மூடி மூடிக் காட்டறாரு.

ஏண்ணே டீயை வச்சுட்டீங்க? ஆறிடப் போகுது.

சரி, வேலைக்கு வருவோம். ரிப்பேரெல்லாம் வேணாம், புதுசே போட்டுடுங்க. ஆனா இன்னைக்கு திங்கள், நீங்க வெள்ளிக்கிழமை வந்தாப் போதும். அப்பதான் அந்த ரூம் காலியா இருக்கும். இந்த டக்டையும் அறுத்துத் தனியாப் பிரிச்சுடுங்க. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிக் கீழ ஹால்ல வைங்க. அந்த ரூம்ல இனி என் தங்கச்சிதான் வந்து தங்கப் போறா. அவ பேசறதை நான் ஒட்டுக்கேக்கக் கூடாது பாருங்க.

பெரியவரா? வியாழக்கிழமை காலையில வண்டி வருது. ஊருக்கு வெளிய ஒரு முதியோர் இல்லம். ஏசியெல்லாம் கிடையாது, ஒரு நீள ஹால், பன்னெண்டு கட்டில், மூணு ஃபேன். பன்னெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்க, அவருக்கு நல்லாப் பொழுது போகும். எங்க வீட்டுக்காரர் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாரு. இல்ல, அன்னைக்கு அவரால கூட இருந்து அனுப்பி வைக்க முடியாதாம், முக்கியமான வேலையாம். அப்பா முன்னாடி நின்னு பேச இந்த வயசுலயும் அவருக்குப் பயம்.

வியாழக்கிழமைதான். நான்தான் நாள் பாத்துச் சொன்னேன்.

ஆமா, அவருக்கு இன்னும் சொல்லல. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் பத்து நாளா வீட்டுல பேச்சு. எனக்கு வாய் வராது, நீயே பக்குவமா ஒரு நாள் சொல்லிடும்மான்னு காலையில கூட இவரு கெஞ்சிட்டுப் போனாரு. சரிங்க, இன்னைக்கே சொல்லிடறேன்னேன்.

அந்தச் சத்தமா? பயப்படாதீங்க, ஒண்ணும் உடையல. இடது கையால கட்டில் சட்டத்தைத் தட்டறாரு. கொஞ்ச நேரம் தட்டுவாரு.

நான் பேசி முடிச்சுட்டேண்ணே. இப்பப் போடுங்க ப்ளோயரை.