விசை இல்லாத துப்பாக்கி

கும்மிடிப்பூண்டி ரயிலில், கம்பெனிச் சீருடைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "துப்பாக்கி வந்துச்சு, விசையைக் காணோம்பா."

எதிர் சீட்டுக்காரர் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னாடா சொல்ற?"

"தீபாவளித் துப்பாக்கிப்பா. பிளாஸ்டிக் வார்க்குற அச்சு செய்ய, டில்லிக்காரன் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு அனுப்பினான். அவன் சாஃப்ட்வேர் வேற, நம்மது வேற. மாத்தினா விசை மட்டும் காணாம பூடுது. எங்க கம்பெனியில படம் வரையற சல்மாக்கா இன்னா பண்ணாங்க தெரியுமா? அவங்க பொண்ணு விரலை அளந்து, விசையைப் புதுசா வரைஞ்சிட்டாங்க."

"அந்தப் படத்தை சரி பார்க்க டில்லிக்கு அனுப்பினா?"

"அங்கயும் காணாம பூடும்னு அக்காவுக்குத் தெரியாதா? அச்சு செஞ்சு வார்த்து, துப்பாக்கியையே பார்சல் பண்ணிட்டாங்க! நேத்து டில்லிக்காரன் போன் பண்ணான். டுப்பு டுப்புன்னு சுட்டுக்கினே இருந்தான்."