இரண்டாவது சாவி

ஐயா, என் வாக்குமூலத்தை நீங்கள் எழுத ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். என் ஜீப்பை உங்கள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். கொஞ்சம் நிழலில் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். நனைந்த தோல் சீட் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும்.

நான் வங்கியில் லாக்கர் பிரிவில் இருக்கிறேன். பத்தொன்பது வருடம். ஒரு லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்று வாடிக்கையாளரிடம், ஒன்று என்னிடம். உள்ளே இருப்பது அவர்கள் பொருள்தான், ஆனாலும் நான் வந்து என் சாவியைத் திருப்பாமல் திறக்காது. உலகம் முழுக்க இப்படி இருந்தால் உங்களுக்கும் பாதி வேலை குறைந்துவிடும்.

ஜீப்பை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும். மலை ஏறும், சேற்றில் போகும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறும். எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க, பானெட் ஓரமாகக் கூரை உயரத்துக்கு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறேன். இதுவரை எதிலும் இறக்கியதில்லை. டயர் பள்ளத்தில் மண் ஒட்டினால் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடுவேன். "இதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கி உள்ள வச்சுடுங்களேன்" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். விசாரித்துப் பார்த்தேன். அந்த அளவில் கிடைக்கவில்லை.

இந்த மாதிரி வண்டிகளைத்தான் திருடர்கள் குறிவைக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு, பக்கத்து வீட்டுப் பூனை ஏறிப் படுத்தால்கூட அலறும் அலாரம் எல்லாம் போட்டேன். தூக்கம் வரவில்லை. கடைசியில் மெக்கானிக் ஒரு கருவியைப் பொருத்தினார். வண்டி இருக்கும் இடம் என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். 'நிறுத்து' என்பதை அழுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். மறுபடி ஓட வேண்டுமென்றால் போனில் நான்கு எண் போட வேண்டும்.

"வேகமா போறப்ப அணைஞ்சா ஆபத்து சார். அதனால வேகம் இருபதுக்குக் கீழ குறைஞ்சாதான் அணையும். அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்கும்" என்றார் அவர். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு சாவி வீட்டில், இரண்டாவது சாவி என் போனில்.

என் மைத்துனனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது அவனைக் குறை சொல்வது அழகில்லை, இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். ஏணி வாங்கிப் போனான், ஒரு படி இல்லாமல் வந்தது. துளை போடும் மெஷின் வரவே இல்லை. குடைகளுக்குக் கணக்கே கிடையாது. நான் அவனுக்கு 'இரவல்' என்று பெயர் வைத்தேன். என் மனைவிக்குக் கோபம். அவனுக்கோ பிடித்துப்போய்விட்டது. போன் செய்தாலே, "அத்தான், இரவல் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பான்.

அன்று மூன்றாவது நாளாக மழை. லாக்கர் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே மேஜை டிராயரில் வைத்திருந்தேன். பதினொன்றரை மணிக்கு வெளியே வந்தபோது, 'வண்டி நகர்கிறது' என்று போன் சொன்னது. அதற்குக் கீழே என் மனைவி நான்கு முறை கூப்பிட்டிருந்தாள். ஒரு செய்தியும் இருந்தது. "தம்பி பொண்டாட்டிக்கு வலி வந்துடுச்சுங்க. தரைப்பாலத்து மேல தண்ணி போகுது, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்னுடுச்சு. ஜீப்புதான் தாண்டும்னு எடுத்துட்டுப் போறான். சாவியெல்லாம் நான்தான் குடுத்தேன்." அத்தனை பூட்டின் சாவியையும் பழைய ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

செய்தியைப் பார்க்காமல் அழுத்திவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். அவசரம்தான், மறுக்கவில்லை. ஆனால் லாக்கரில் அவசரத்துக்கென்று மூன்றாவது சாவி கிடையாது.

'காத்திருக்கிறது' என்று போன் சொன்னது. அந்தச் சாலையில் யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைக்கும் இடம் ஒன்றுதான். நீலப் புள்ளி தரைப்பாலத்தில் இறங்கி, பாதியில் நின்றது.

உடனே கூப்பிட்டான். "அத்தான், இரவல் பேசுறேன். தண்ணிக்கு நடுவுல வண்டி அணைஞ்சுடுச்சு."

"யாரைக் கேட்டு எடுத்தே?" என்றேன்.

"அப்புறமா திட்டுங்க அத்தான். இவ வலியில துடிக்கிறா."

திரும்பவும் அதையே கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டது. அக்கரையில் நின்ற லாரிக்காரர்கள் கயிறு கட்டி வந்து அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்களாம். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். "அவளைக் கரை சேத்துட்டாங்க அத்தான். தண்ணி கதவு வரைக்கும் ஏறிடுச்சு. என்னையும் வான்னு கூப்பிடுறாங்க. வண்டியை விட்டுட்டு வரட்டுமா?"

கவனியுங்கள் ஐயா. எனக்குக் கல்யாணமான இந்தப் பதினொரு வருடத்தில் அவன் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசே இளகிவிட்டது.

"வேண்டாம். கண்ணாடியை ஏத்தி, கதவைப் பூட்டிட்டு உள்ளயே இரு. ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இரு, எடுக்கும்" என்றேன்.

"சரி அத்தான்" என்றான்.

எண் மறந்துவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. எங்கள் கல்யாண நாள்தான் அது. போட்டிருந்தால் வண்டி அந்த நிமிடமே கிளம்பிக் கரையேறியிருக்கும். அவன் சாவியைத் திருப்பும்போதெல்லாம் 'அனுமதியற்ற முயற்சி' என்று என் போனுக்கு வந்தது. பதினாறு தடவை வந்தது. பதினேழாவது வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்தார். போனை டிராயரில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

தண்ணீர் வடிந்ததும் நீங்களே பார்த்தீர்கள். ஜீப் பாலத்துக் கம்பத்தில் சாய்ந்து, கதவெல்லாம் பூட்டியபடி நின்றது. சொன்னபடியே செய்திருக்கிறான். ஒரு கீறல் இல்லை. அவன் இரவல் வாங்கி முழுசாகத் திருப்பிக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான்.

கொலை என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தியது நான். அவனை இறங்கவிடாமல் உட்காரவைத்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். வண்டி திருடு போகவில்லை என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

என் மனைவி இன்னும் பார்க்க வரவில்லை. வீட்டுக் கதவின் பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு பூட்டு போட்டிருக்கிறாளாம், உங்கள் ஏட்டையா சொன்னார். இத்தனை வருடம் நான் தலையால் அடித்துக்கொண்டும் காதில் வாங்காதவள். பாதுகாப்பின் அருமை இப்போதாவது அவளுக்குப் புரிந்ததே. என் சாவியைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஞாபகம் வந்ததும் அனுப்புவாள்.