பின்னணியில் மஞ்சள் சட்டை

குப்புறப் படுத்துப் பழகினால் முதுகுவலி போய்விடும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். உண்மைதான் ஐயா, இந்த ஒன்றரை வருஷமாக எனக்கு முதுகுவலியே இல்லை. காட்டுப்பூக்கள் ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதில்லை. எப்பேர்ப்பட்ட மனிதனும் அவற்றின் முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தால்தான் படம் கிடைக்கும்.

முப்பது வருஷம் செயற்கைப் பல் செய்தவன் நான். ஓய்வு பெற்ற கையோடு புது டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வாங்கினேன். கடுகளவு பூவைத் தாம்பாளம் அளவுக்குக் காட்டும் லென்ஸ் அது. ஆனால் கூர்மையாகத் தெரிவது நகத்தின் தடிமன் அளவுக்குத்தான். முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். வேண்டாததெல்லாம் ஒரு திருகில் காணாமல் போகிறது. மனைவி வீட்டார் கூடும் இடங்களில் இப்படி ஒரு திருகு இல்லையே என்று நான் ஏங்கியதுண்டு.

படம் எடுப்பதற்கு முன் பக்கத்துப் புல்லைக் கிள்ளிச் சுத்தம் செய்வேன். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து, இதழ் நுனியில் ஒரு சொட்டு வைப்பேன். பனித்துளி என்று எல்லோரும் உருகுவார்கள். படம் எடுத்து முடித்ததும் செடியை வேரோடு பிடுங்கிவிடுவேன்.

வாக்குமூலம் எழுதும் உங்கள் பேனா ஏன் நிற்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா? நான் எடுத்த பூவையே நாளைக்கு வேறொருவன் எடுத்தால் என் படத்துக்கு என்ன மரியாதை? பல் பட்டறையிலும் அப்படித்தான், வேலை முடிந்ததும் அச்சை உடைத்துப் போடுவோம்.

மச்சினன் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். பழைய கேமரா, ஒட்டுப்போட்ட லென்ஸ். அதை வைத்துக்கொண்டு எங்கள் பூப்பட சங்கத்தின் முதல் பரிசை மூன்று வருஷம் தொடர்ந்து வாங்கினான். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அதைவிட அந்த மஞ்சள் சட்டை. அக்கா வாங்கிக் கொடுத்தாளாம், கழற்றவே மாட்டான். பக்கத்தில் நின்றால் வெள்ளைப் பூவுக்கெல்லாம் மஞ்சள் காமாலை வந்துவிடும்.

கைவிட்ட கல்குவாரியின் மேல்விளிம்பில் ஒரு நீலப்பூ இருப்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். வேறெங்கும் இல்லாத பூ, மொத்தமே பதினோரு செடி. வெகுளி, என்னிடம் வந்து சொன்னான். ஒரே வாரத்தில் பத்தை முடித்தேன். பதினொன்றாவது செடிக்கு முன்னால் நான் குப்புறப் படுத்திருந்தபோது வந்து சேர்ந்தான்.

"பத்து இடத்துலயும் வெறும் குழிதான் இருக்கு. நீங்கதானா அத்தான்?"

"ஆமா. கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் அடைக்குது."

"இது ஒண்ணுதான் பாக்கி. விதை விழட்டும், விட்டுருங்க. இல்லன்னா சங்கத்துல சொல்லிருவேன். அக்காகிட்டயும் சொல்லுவேன்."

நான் எழுந்திருக்கவில்லை. அவனும் படம் எடுப்பவன்தானே, படத்தை எப்படிக் கெடுப்பது என்று தெரியும். பூவுக்குப் பின்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். அங்கே விளிம்புக்கு இரண்டடி இடம்தான் இருந்தது. ஈர மண் சரிந்தது. நான் தள்ளவில்லை, இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இரண்டு கையாலும் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான். தலையும் தோளும் மேலே தெரிந்தன.

"அத்தான், கை குடுங்க."

"ஒரு நிமிஷம்" என்றேன். அது என் பழக்கம். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்வேன், மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

வெயில் அப்போதுதான் மேகத்துக்குள் இதமாகப் போயிருந்தது. லென்ஸ் வழியாக அவன் வெறும் மஞ்சள் கறை, அவ்வளவுதான். அவன் வேரை இழுக்க இழுக்கப் பூ ஆடியது. "அசையாதே" என்றேன். என்ன இருந்தாலும் கலைஞன், ஒரு கணம் அசையாமல்தான் இருந்தான். பதினான்கு படங்கள் கிடைத்தன. பதினைந்தாவதில் பின்னணி சுத்தமாக இருந்தது. வழக்கம்போலச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் குவாரியின் அடியில் அவன் உடல் கிடைத்தபோது, கால் தவறி விழுந்துவிட்டான் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

பரிசு எனக்குத்தான். மண்டபச் சுவரில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். கண்ணீர் வந்தது, பெருமையில். இதழ் நுனியில் நான் வைத்த துளிக்குள் என்ன பூச்சி என்று சங்கத் தலைவர் கேட்டார். என் மனைவி கிட்டே போய், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். துளி பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும்.

"பூச்சி இல்லைங்க. அது என் தம்பி சட்டை" என்றாள்.

இதழ் கூர்மையாக இல்லை, துளியின் ஓரமும் இல்லை, உள்ளே இருப்பவனின் விரல்கள்தான் தெளிவாக இருக்கின்றன என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறாராம். அந்தக் கூர்மையைக் கேமரா தானாகப் பிடித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய் எனக்கு ஒத்துவராது. கையால்தான் திருகினேன். இருந்தாலும் நான் எடுத்தது பூவைத்தான், மச்சினனை அல்ல.

பின்னணி சுத்தமான பதினைந்தாவது படத்தை ஏன் போட்டிக்கு அனுப்பவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? அதில் துளி காலியாக இருந்தது ஐயா.