பணியாரம் மிஞ்சிய ஆட்டம்

பயத்தம் பணியாரம் மூன்று கிழமை வைத்தாலும் பழுதாகாது. தின்று பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஓர் ஓலைப்பெட்டி நிறைய மிஞ்சிப்போயிருந்தது. அது மிஞ்சியதற்கு என்னுடைய சதுரங்கத் திறமைதான் காரணம் என்று புளியங்கூடலில் எல்லோரும் சொல்கிறார்கள். திறமை, பாவம், அது என்ன செய்யும். குற்றம் என்னுடையது. என்னை யாரும் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

நடந்தது இந்த அறுபத்தெட்டாம் ஆண்டு பங்குனியில். எனக்குப் பதினெட்டு வயது. மாகாணப் போட்டியில் வென்று பத்திரிகையில் படமும் வந்துவிட்டது; படத்தில் என் காது மட்டும் தெளிவு. காய்களை அள்ளிக் கொடுத்துவிட்டு எதிரியின் ராசாவைத் துரத்துவது என் பழக்கம். "இவன்ரை பக்கத்திலை ஒரு காயும் மிஞ்சாது, மற்றவன்ரை ராசாவும் மிஞ்சாது" என்று கல்லூரியில் சொல்வார்கள்.

என் அக்கா சத்தியபாமாவுக்கு இருபத்தாறு. நான் முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காக நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவிப்பாள். வெள்ளைச் சட்டையை மினுக்கித் தருவாள். பின்னேரம் நான் சொல்லச் சொல்ல என் ஆட்டங்களை ஒரு கொப்பியில் உருண்டை எழுத்தில் எழுதுவாள். இதையெல்லாம் ஒரு விபரத்துக்காகச் சொல்கிறேன், வேறு காரணம் இல்லை.

அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளை அனலைதீவுப் பாலசிங்கம், வவுனியாவில் தபால் கந்தோர் வேலை. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போன வள்ளத்தில் அவர் எழும்பி அக்காவுக்கு இடம் கொடுத்தாராம். "நல்ல மனிசன் போலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்று எழுதிய ஆட்டத்தில் ஒரு நகர்த்தல் விடுபட்டிருந்தது. ஏழு வருஷத்தில் அவள் விட்ட முதல் பிழை. எனக்கு அது மிகவும் மனவருத்தமாக இருந்தது.

சாதகம் பொருந்தியது. சீதனப் பேச்சும் சுமுகமாக முடிந்தது. மிச்சம் இருந்தது கை நனைப்பது மட்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கும்வரை பெண் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் காரியம் முடிந்தது, பிறகு யாரும் பின்வாங்க ஏலாது.

மாப்பிள்ளையின் தகப்பன் மயில்வாகனத்தார் பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தவர். கடை மேல்மாடியில் இருபது வருஷம் தினமும் சதுரங்கம் ஆடி ஒருநாளும் தோற்றதில்லை. தன்னை வெல்ல இலங்கையில் ஆள் இல்லை என்று மனதார நம்பினார். அவரோடு ஆடியவர்கள் எல்லோரும் அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள்.

அவர் வரும் நாள் காலையில் எங்களைப் பெற்ற ஐயா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, அந்தாள் ஆடக் கேக்கும். தோத்துவிடு. மனம் கேளாட்டிச் சமன் எண்டு விடு. வெண்டிடாதை. கொக்காவின்ரை வாழ்க்கையடா."

"ஓம் ஐயா."

மயில்வாகனத்தார் பழைய கணக்கப்பிள்ளை ஏரம்பரோடு வந்தார். அக்கா அவர்களுக்கெனச் சுட்ட பணியாரத்தைக் குசினிக்குள் வைத்துவிட்டு வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். "வள்ளம் அஞ்சு மணிக்கு. அதுக்கிடையிலை தம்பியை ஒருக்கா வெண்டிட்டுக் கை நனைப்பம்" என்றார் மயில்வாகனத்தார். பலகையைப் போட்டோம்.

முதலில் ஒரு மந்திரியைக் கொடுத்தேன். பிறகு ஒரு கோட்டை.

"பேப்பரிலை படம் வந்த பொடியன் எண்டினம். காயை அள்ளி எறியிறீர்."

"உங்களுக்கு முன்னாலை கை நடுங்குது மாமா."

"முதலாளிக்கு முன்னாலை ஆருக்குத்தான் நடுங்காது" என்றார் ஏரம்பர். ஆனால் அவர் பலகையை முதலாளியின் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. என் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மயில்வாகனத்தாரின் ராசா மூலையில் ஒதுங்கியது. என்னிடம் ராணியும் குதிரையும் இருந்தன. குதிரையை இரண்டு கட்டங்களுக்கிடையில் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டிருந்தால் செக், செக் என்று முடிவில்லாமல் போகும். ஆட்டம் சமன். அவர் சிரித்துக்கொண்டு கை நனைப்பார். இது எனக்குத் தெரிந்தது. ஆறு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ராணியை அவருடைய ராசாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"ராணியையும் தாறீரோ?"

"எடுங்கோ மாமா."

கோட்டையால் எடுத்தார். இப்போது ராசாவைச் சுற்றி நின்றதெல்லாம் அவருடைய சொந்த ஆட்கள், அசைய இடமில்லை. நான் குதிரையைத் தாண்டவிட்டேன். செக்மேற்.

அவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். "ஏரம்பு, இப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இருக்குது முதலாளி" என்றார் ஏரம்பர் அமைதியாக. "உங்களோடை ஆடேக்கை எனக்கே எத்தினையோ தரம் வந்தது."

இது நான் எதிர்பாராதது. எனக்குக் கிடைத்த இனாம் என்று சொல்லலாம். மயில்வாகனத்தார் எழும்பினார். இருபது வருஷத்தை ஒரு கதிரையில் விட்டுவிட்டு எழும்பும் மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வள்ளத்துக்கு நேரமாகுது" என்றார். அப்போது மூன்றரை மணி. செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஐயா என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. பிறகு, "அவனுக்கு விளையாட்டெண்டால் நிப்பாட்டத் தெரியாது" என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கினார். நான் மறுக்கவில்லை.

அன்று பின்னேரமும் நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். ராணி வந்த இடத்தில் பேனையை நிறுத்தினாள். ஏழு வருஷமாக எழுதுகிறவளுக்கு ஆட்டம் விளங்காமல் இருக்குமா.

"தம்பி, இதிலை குதிரையைத் திரும்பத் திரும்ப வைச்சிருந்தால் சமன்தானே?"

"காணேல்லை அக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. பிறகு என் தலையைத் தடவினாள். "நீ என்ன செய்வாய், சின்னப்பிள்ளை. அழாதை" என்றாள். நான் அழவில்லை. பெட்டியைத் திறந்து பயத்தம் பணியாரம் இரண்டு எடுத்துத் தந்தாள். மறுநாள் நாலு மணிக்கு வழமைபோல் எழும்பினாள்.

இப்போது இறுப்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பன் செல்வரத்தினத்தாருக்குச் சதுரங்கமே தெரியாதாம். ஐயாவுக்குப் பெரிய நிம்மதி. நான் சனிக்கிழமை ஒரு பலகையும் காய்களும் எடுத்துக்கொண்டு அவருக்கு ஆட்டம் பழக்க இறுப்பிட்டிக்குப் போகிறேன். வயதுபோன மனிதர், பொழுது போக வேண்டாமா. முதல் ஒரு மாதம் அவரையே வெல்ல விடலாம் என்று இருக்கிறேன்.