சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு நாள்

ஐயா,

மழை பெய்தால் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி வேலை செய்யாது. கூரையிலுள்ள அலைவாங்கித் தட்டில் மழை அடித்ததும் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். மற்ற நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்கு அதன்முன் இருப்பேன். நாடகம் பார்ப்பதில்லை. எரிமலை, மூழ்கிய கப்பல், நிலநடுக்கம், மண்ணுக்குள் போன நகரங்கள் இவற்றைத் தமிழில் விளக்கும் அலைவரிசை ஒன்று உண்டு. பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். நேற்று விசாரணையில் நீங்கள் "ஏன் செய்தீர்?" என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுத்தில் ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் மருதங்கண்டல் வட்டை விவசாய அமைப்பின் செயலாளர். வவுணதீவுக்கு அங்கால், வாவியின் மேற்கே எங்கள் வட்டை, அதாவது நெல்வயல்கள். பத்தாம் வகுப்புவரைதான் படித்தேன். ஆனாலும் கடிதம் எழுத வரும் என்பதால் பத்தொன்பது வருடமாக அந்தப் பதவி என்னிடமே இருக்கிறது.

மாரியில் வாவி நிரம்பும். முகத்துவாரத்தில் கடல் குவித்த மணல் அந்த நீரை மறித்து நிற்கும். மணலை வெட்டிவிட்டால் நீர் கடலுக்கு ஓடிவிடும். ஆனால் நினைத்தவுடன் வெட்ட முடியாது. பாலத்தடி அளவுக்கம்பத்தில் நீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் நான் கடிதம் எழுத வேண்டும். மீனவர் சங்கத் தலைவரும் அதில் ஒப்பமிட வேண்டும். கடிதம் நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போன அன்றே இயந்திரம் மணலில் இறங்கும். விடிய வட்டையில் ஒரு முழம் வற்றியிருக்கும். இது ஒருமுறையும் தவறியதில்லை. அதனால் எங்கள் ஆட்கள் வெள்ளம் வந்தால் வானத்தைப் பார்ப்பதில்லை. "கடிதம் போயிட்டா?" என்றுதான் கேட்பார்கள். போயிற்று என்றால் மாட்டை விட்டு அசையமாட்டார்கள்.

வயல்களை மேற்பார்க்கும் வட்டை விதானை தங்கராசாவும் அப்படித்தான். வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் ஓலைக் குடிசையாக வாடி போட்டு, மனைவி பூரணத்தோடும் முப்பது மாடுகளோடும் இருந்தார். என் வயதுக்காரர். என்னை மச்சான் என்பார்.

புரட்டாதியில் தானியா என்ற பெண் வந்தார். தாய்வழியில் மட்டக்களப்பு டவுன் பறங்கிக் குடும்பம். இப்போது வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு ஆவணப்படம் எடுக்கிறார். கமராக்காரர் றெக்ஸ். வெள்ளங்களின் வரலாற்றைப் பற்றி ஒரு தொடர் செய்கிறார்கள். என்னை மருதமரத்தின் கீழ் இருத்திக் கேட்டார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம், எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி, எல்லாவற்றையும் திகதியோடு சொன்னேன். "அங்கிள், நீங்க பேசினா கேட்டுக்கொண்டே இரிக்கலாம்" என்றார் தானியா. றெக்ஸ் சின்னத் திரையில் என் முகத்தைக் காட்டினார். கீழே எழுத்தில், அ. நவரெத்தினம், வெள்ள வரலாற்றாளர். அப்படி என்னை ஒருவரும் அழைத்ததில்லை.

நீங்கள் இந்தப் படங்களைப் பார்த்திருந்தால் தெரியும், ஒவ்வொன்றிலும் வரலாறு சொல்லும் ஒரு மனிதர் வருவார். நகரம் இன்னும் எரிந்திருக்காது. அவர் அமைதியாக, "அன்று காலை ஒருவருக்கும் தெரியாது" என்பார். அவர் சொல்ல முதல் நான் கதிரையிலிருந்து அதைச் சொல்லிவிடுவேன். ஒருநாள் தங்கராசா அதைக் கேட்டுவிட்டார். ஒரு கிழமைக்குத் தேத்தண்ணிக் கடையில் அதுதான் கதை. "மச்சானைக் கூப்பிடாதைங்க, அவர் எரிமலைக்குப் போயிட்டார்."

படம் மணல் வெட்டுவதோடு முடிய வேண்டும் என்று தானியா சொன்னார். "மணல் உடைஞ்சு தண்ணி பாயிற அந்த நிமிசம் வேணும் அங்கிள். ரெண்டு நாள் முந்திச் சொன்னீங்க எண்டா ட்ரோன் கமராவோட வந்திருவம்." நான் சரி என்றேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மழை பிடித்தது. திங்கள் பின்னேரம் கோட்டுக்கு ஏழு விரல் இருந்தது. செவ்வாய் காலை எட்டு மணிக்கு நீர் கோட்டைத் தொட்டது. இவ்வளவு வேகமாக ஏறி நான் கண்டதில்லை. கடிதத்தை எழுதி, காத்தான்குடிக்குப் போய் மீனவர் சங்கத் தலைவர் உசனாரிடம் நீட்டினேன். மணல் வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும். அவருக்கு அது நட்டம்.

"எங்கட இறாலையும் படம் எடுக்கச் சொல்லுங்க செயலாளர், கடைசியா ஒருக்காப் பார்ப்பம்" என்றார். பிறகு பேனையை எடுத்தார். "தாங்க, ஒப்பம் வெக்கிறன். ஆக்கள்ர உசிர் பெரிசு. கெதியாக் கொண்டு குடுங்க."

ஆகவே மீனவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நின்று தானியாவுக்கு அழைத்தேன். பாதையில் வெள்ளம், வியாழன் காலைதான் வந்துசேரலாம் என்றார். "அப்ப அதுக்குள்ள வெட்டிருவாங்க, என்ன" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. தாமதிக்கும்படி அவர் கேட்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்கு வந்தேன். தினமும் நீர்மட்டம் குறிக்கும் சீ.ஆர். கொப்பியில், "செவ்வாய்: கோட்டுக்கு ஐந்து விரல் கீழ்" என்று எழுதினேன். புதன், "இரண்டு விரல் கீழ்." கடிதத்தில் செவ்வாய்த் திகதி, கொப்பியில் செவ்வாயன்று நீர் கீழே. இதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தீர்கள். அந்த இரண்டு பதிவுகள்தான் பொய். மற்றப் பத்தொன்பது வருடமும் சரி.

புதன் நண்பகல் தங்கராசா தொலைபேசியில் வந்தார்.

"மச்சான், கடிதம் போயிட்டா?"

"ஓம். நேத்தே குடுத்திட்டன்."

"அப்ப விடிய வத்திரும். ட்ரக்டர் வாய்க்கால் கட்டில நிக்குது, எல்லாரும் ஏறுறாங்க. பூரணம் போவம் எண்டு நிக்காள். மாட்டை உட்டுப்போட்டு என்னெண்டு வாற?"

"நில்லுங்க. மேடு தாழாது."

பின்னால் பூரணத்தின் குரல் கேட்டது. "அண்ணன் சொல்றார் எண்டா நிப்பம்."

தங்கராசா சிரித்தார். "எரிமலையை நிப்பாட்டிப்போட்டு முகத்துவாரத்தில போய் நில்லுங்க மச்சான்."

பின்னேரம் மூன்று மணிக்குக் கடிதத்தோடு பாலம்வரை போனேன். அளவுக்கம்பத்தில் சிவப்புக் கோடு தெரியவில்லை. அலுவலகம் பாலத்துக்கு அந்தப்பக்கம்தான், இருபது நிமிட நடை. பாலத்தடியிலேயே நின்றேன். இனிக் கொடுத்தால் ஏன் நேற்றுக் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். கொடுக்காவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த நேரம் அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டேன். கட்டங்கட்டமாக உடைந்த படம் ஒன்று நின்றது. எந்த நாட்டு அழிவு என்று தெரியவில்லை. விளக்கு வைக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

வியாழன் எட்டரைக்குக் கடிதத்தைக் கொடுத்தேன். பதினொன்றுக்கு, தானியாவும் றெக்ஸும் ட்ரோனோடு முகத்துவாரத்தில் வந்து நிற்க, மணல் உடைந்தது. மண்ணிறத்தில் பாய்ந்த நீர் கடலின் நீலத்தைப் பிளந்துகொண்டு போனது. தானியா என் கையைப் பிடித்தார்.

பிறகு ட்ரோனை வட்டைப் பக்கம் அனுப்பினார்கள். நான் றெக்ஸின் தோளருகே நின்று திரையைப் பார்த்தேன். எங்கும் ஒரே நீர். ஒற்றைப் பனையை வைத்து மேட்டை அடையாளம் கண்டேன். வாடியின் முகடு மட்டும் ஒரு சாண் தெரிந்தது. "இதில ஆக்கள் இருந்தாங்களா அங்கிள்?" என்று றெக்ஸ் கேட்டார். தெரியாது என்றேன்.

வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஒரு வசனம் சொல்லுங்கள் என்றார் தானியா. கமராவைப் பார்த்து, "அன்று காலை ஒருவருக்கும் தெரியாது" என்றேன். திரும்ப எடுக்கத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரையும் கண்டெடுத்தார்கள். மாட்டுக் கயிற்றால் இருவரின் இடுப்பையும் சேர்த்துக் கட்டியிருந்தார் தங்கராசா.

நேற்று நீங்கள் கடைசியாகக் கேட்டது, கடிதத்தை வைத்திருந்தது ஒருபுறம் இருக்க, அவர்களை ஏன் நிற்கச் சொன்னீர் என்று. மாடுகளுக்காக என்றேன். அது உண்மையல்ல. ட்ரக்டரில் வந்திருந்தால் தங்கராசா நேரே அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். அது ஒன்று. மற்றது, ஒவ்வொரு வெள்ளப் படத்திலும் மேலிருந்து பார்க்கும்போது நீருக்கு நடுவே இரண்டு பேர் நின்று கையசைப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் தண்ணீர்தான். கமரா கண்டதும் உசனாரின் தோணியை அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். உசனாரிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மழையை நான் பெய்விக்கவில்லை, மணலை நான் குவிக்கவில்லை. ஆனாலும் கடிதம் என் சட்டைக்குள்தான் இருந்தது.

ஒரு சிறு வேண்டுகோள். விசயம் வெளியே வந்தால் தானியா என் பகுதியைப் படத்திலிருந்து எடுத்துவிடக்கூடும். நான் சொன்ன திகதிகள் எல்லாம் சரியானவை. அவை இல்லாவிட்டால் வரலாற்றில் ஒரு குறை விழும். எடுக்க வேண்டாம் என்று அவருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதினால் வைத்திருக்காமல் அன்றே கொடுத்துவிடுங்கள், ஐயா. இரண்டு நாள் தாமதித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இங்ஙனம்,
அ. நவரெத்தினம்