ஜன்னலோரத்து ஐந்து நிமிடம்

மழலையர் வகுப்பின் மூத்த ஆசிரியைக்கு உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

அழுதபடி வந்த அரும்புகளை அணைத்து ஆளாக்கிய அன்பின் அருவியே! மூக்கொழுகிய முகங்களை முகஞ்சுளிக்காமல் துடைத்தே முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் எங்கள் மூத்தவரே! வணக்கம்.

தங்கள் பெருமைகளை வரிசையாக அடுக்கத்தான் இம்மடலை எழுத உட்கார்ந்தோம். ஆனால் எங்கள் எல்லோர் நினைவுக்கும் வந்து நின்றவள் ஒரே சிறுமி. நாங்கள் 'பட்டாசு' என்று பெயர்வைத்த அந்த நான்கு வயதுக்காரி!

கடித்தாள், கிள்ளினாள், வண்ணக்குச்சிகளை வாரி இறைத்தாள். கடிபட்ட பிள்ளைகளின் பெற்றோர் கொதித்தெழ, தலைமையாசிரியை இரண்டே வாரம் கெடு விதித்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைபார்க்கும் அவள் அம்மா ஈரம் காயாத கைகளோடு வாசலில் நின்று, "இது அவளுக்கு மூணாவது பள்ளிக்கூடம் டீச்சர். இங்கயும் வேணாம்னுட்டா, இவளைப் பார்த்துக்க ஆளில்லாம என் வேலையும் போயிடும்" என்றார். நாங்கள் கேட்டோம், கேட்டுவிட்டு அவரவர் வகுப்புக்குப் போய்விட்டோம். தாங்களோ அவளைத் தங்கள் வகுப்புக்கே மாற்றிக்கொண்டீர்கள்.

நட்சத்திரம் ஒட்டினீர்கள்; கிழித்தாள். மிட்டாய் தந்தீர்கள்; தின்றுவிட்டுக் கடித்தாள். தாங்கள் சலிக்காமல் அவளையே கவனித்திருந்தீர்கள். பிள்ளைகள் உறங்கும் பிற்பகலில், திரைச்சீலை மெல்ல மூச்சுவிட, வெளிச்சம் நீர்போல் தரையில் நிறைய, அவள் மட்டும் உறங்காமல் மேகங்களோடு முணுமுணுப்பதைக் கண்டீர்கள். மறுநாள் அவள்முன் மண்டியிட்டு, "காலைல யாரையும் கடிக்காம இருந்தா, மத்தியானம் ஜன்னல்கிட்ட அஞ்சு நிமிஷம் மேகம் பார்க்கலாம். நீயும் நானும் மட்டும்" என்றீர்கள்.

"இது லஞ்சம் இல்லையா அக்கா?" என்று எங்களுள் ஒருவர் வாய்விட்டே கேட்டார். "தப்பு பண்றதுக்காகக் குடுத்தாத்தாம்மா லஞ்சம். ஒழுங்கா இருந்ததுக்குக் குடுத்தா அது கூலி. நீ மட்டும் சும்மாவா வர்றே?" என்றீர்கள்.

முதல் நாள் தோற்றாள். இரண்டாம் நாள் வென்றாள். அந்த ஐந்து நிமிடத்தில் மேகம் யானையாயிற்று, யானை கப்பலாயிற்று, கப்பலில் அவள் அம்மா துணிமூட்டைகளோடு மிதந்து வந்தாள். கதவிடுக்கில் நின்று கேட்ட எங்களுக்கும் கண் சொக்கியது.

கெடுவின் ஒன்பதாம் நாள் காலையை நல்லபடி கடந்தவள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறுமியின் தோளில் பல் பதித்தாள். இனி மேகம் கிடையாது என்றே நினைத்தோம். அவளும் அப்படியே நினைத்து மேஜைக்கடியில் சுருண்டாள். தாங்கள் கடிபட்டவளுக்கு முதலில் மருந்திட்டீர்கள். பிறகு மேஜையருகே குனிந்து, "கடிச்சது தப்பு. அவகிட்ட மன்னிப்பு கேட்கணும். ஆனா காலைல நீ சம்பாதிச்சது உன்னோடது. அதை யாரும் பிடுங்க மாட்டாங்க. வா" என்றீர்கள். வெகுநேரம் கழித்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. அதற்குப் பின் ஒரே ஒருமுறை கடிக்க வாயைத் திறந்தாள், தானே மூடிக்கொண்டாள்.

கெடு முடிந்தது, அவள் பெயர் பதிவேட்டில் நிலைத்தது. ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு பிற்பகல், தாங்கள் வழக்கம்போல் இரண்டு நாற்காலி போட்டுக் காத்திருந்தீர்கள். அவள் வரவில்லை. தோளில் கடிபட்ட அதே சிறுமியோடு கட்டைகளால் பாலம் கட்டுவதில் மூழ்கி, தன் பரிசையே மறந்துபோயிருந்தாள்.

"கூப்பிடவா அக்கா?"

"வேணாம். மறக்கணும்னுதானே குடுத்தேன்."

காலி நாற்காலியின் பக்கத்தில் அந்த ஐந்து நிமிடத்தையும் தனியே இருந்து முடித்தீர்கள். தங்கள் முகத்தில் அன்று இருந்தது சிரிப்பா வருத்தமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பொறுமையின் பெட்டகமே! முழங்கால் வலி முற்றும் நீங்கி, காலைத் தேநீரை ஆறவிடாமல் அருந்தும் அரும்பேறு பெற்று, நலமும் நகைமுகமும் நாளும் வளர நெடுங்காலம் வாழ்க! வாழியவே!

தங்கள் அன்புக்குக் கட்டுண்ட
ஆசிரியைகள், ஆயாக்கள், சமையற்கூடத்தார், வாயிற்காவலர்