டென்னிஸ் ஆடாத கை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் இருக்கும். அரியாங்குப்பம் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எனக்கு டென்னிஸ் வலியாம்க்கா. பிரெஞ்சு டாக்டரு சொல்லிட்டாரு.”

“நீ எங்கடி பந்து ஆடுன?”

“துணி முறுக்கிப் பிழிஞ்சாலும் வருமாம். முழங்கைக்கு வெளிப்பக்கம் அமுக்குனா உயிர் போவுது, செம்பு தூக்க முடியல. வாதமோன்னு பயந்துட்டேன். கை போவாதாம்.”

“மருந்து?”

“வெந்நீர் ஒத்தடம். கொஞ்ச நாளு துணி பிழியக் கூடாது.”

“அப்ப இனிமே உன் வீட்டுக்காரரு டென்னிஸ் ஆடட்டும்.”

மூன்று மாதமாக என் மனைவியும் அதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சோம்பல் என்று நான் ஏசியிருந்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் வாளித் துணியை நானே பிழிந்துகொண்டு, கேட்டதையெல்லாம் சொன்னேன். கை போகாது என்றதும் முதலில் சிரித்தாள். பிறகுதான் என்னைத் திட்டினாள்.